நீலக் கோப்பைப் பகை

"என் உசிரு இருக்கிற வரைக்கும் என் கையால ஊத்தின காபி உன் தொண்டையில இறங்காது, அர்கிரிஸ். இறங்கிச்சுன்னா நான் மானியில பொறக்கவே இல்லைன்னு வெச்சுக்க."

கணவர் லிகூர்கோஸை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்த அதே காலையில், நியூயார்க்கின் கிரேக்கத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், ஊர் கூடியிருக்கும்போது தியமாந்தோ இந்தச் சபதத்தைச் செய்தாள். அப்போது அவள் கையில் ஒரு தட்டு இருந்தது. சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற கசப்புக் காபி, பிராந்தி, ரஸ்க் எல்லாம் அதில் இருந்தன. பேசி முடிக்கிறவரை தட்டு துளியும் ஆடவில்லை. பார்த்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

காரணம் அற்பமானதல்ல. ஃபர் கோட் தைக்கும் பட்டறை முதலாளி அர்கிரிஸ், அந்தக் காபியில் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் ரகசியம் பேசினான். அவனுடைய ரகசியம் எப்போதுமே கூடத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கும். "பாவம் லிகூர்கோஸ். இருபது வருஷமா தினம் இந்தக் காபி. இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சதே பெரிசுடா."

சிரிப்பு கிளம்பிவிட்டது. கறுப்புக் கைக்குட்டைகளுக்குள் சிரித்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியாரின் தாடிகூடக் குலுங்கியது. அவருக்கு இருமல் வந்ததாகப் பிற்பாடு விளக்கம் தரப்பட்டது, விளக்கம் ஏற்கப்படவில்லை.

அர்கிரிஸ் கிரேக்க நாட்டின் வடக்கே கஸ்தோரியாக்காரன். அந்த ஊர்க்காரர்கள் எலிவால் அளவுத் தோல் துண்டுகளைக்கூட வீணாக்காமல் ஒன்றோடொன்று தைத்துச் சீமாட்டிகளுக்குக் கோட்டாக்கி விற்கத் தெரிந்தவர்கள். சாமர்த்தியசாலிகள். ஆனால் தெற்குக்கோடியில் மானி என்ற ஒரு நிலம் இருப்பதையும், அங்கே கல்லுக்கும் முள்ளுக்கும் அடுத்தபடியாக நன்றாக விளைவது பகைதான் என்பதையும் அவர்கள் அவ்வளவாகக் கவனத்தில் கொள்வதில்லை. மானியில் ஒப்பாரி வைக்கிற பெண் செத்தவனை மட்டும் பாடமாட்டாள். அவன் சாவுக்குக் காரணமானவன் பேரையும் அவன் வீட்டு அடையாளத்தையும் சேர்த்தே பாடுவாள். கேட்கிற ஆண்கள் துப்பாக்கியைத் துடைக்கப் போவார்கள். லிகூர்கோஸை மாரடைப்பு கொண்டுபோனது. மாரடைப்புக்கு வீடு வாசல் கிடையாது. அதனால் தியமாந்தோவின் ஒப்பாரி ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. அர்கிரிஸ் தானாக வந்து பேர் கொடுத்தான்.

மன்ஹாட்டனில் இருபத்தொன்பதாம் தெருவில், ஏழாம் அவென்யூவுக்குப் பக்கத்தில் அவளுடைய காபிக் கடை. அதே தெருவின் எதிர்ச்சாரியில், ஐந்தாம் மாடியில் அவனுடைய பட்டறை. அந்த வட்டாரம் முழுக்க ஃபர் வியாபாரம். நடைபாதையில் நம்மூர்க் கணக்கில் லட்ச ரூபாய்ச் சமாசாரமான மிங்க் தோல்களை மீன் கூடை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். அவர்கள் ஒரு கையில் தோல் இருக்கும், இன்னொரு கையில் கோப்பை இருக்கும்.

அந்தக் கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் இந்த யுத்தத்தை விளக்க முடியாது. காகிதக் கோப்பை. நீலமும் வெள்ளையும். விளிம்பைச் சுற்றிக் கிரேக்கக் கோயில் தூண்களில் வரும் கோலம், நடுவே ஒரு பழங்காலச் சாடி, ஆவி பறக்கும் சின்னக் கிண்ணங்கள். கிரேக்க எழுத்து மாதிரி நெளித்து எழுதிய ஆங்கிலத்தில், 'உங்களுக்குப் பரிமாறுவதில் எங்களுக்கு மகிழ்ச்சி' என்று ஒரு வாசகம். நியூயார்க்கில் காபிக் கடை வைத்த கிரேக்கர்களின் மனசைக் குளிர்விக்க எந்தப் புண்ணியவானோ வரைந்தது. காலையில் ஐந்து மணியிலிருந்து இடுப்பில் வலியோடு நிற்கிற கிரேக்கர்கள் அந்த வாசகத்தை ஒருநாளும் படித்ததில்லை. ஆனால் நகரம் அதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. போலீஸ்காரன் கையில், வக்கீல் கையில், சாக்கடை தோண்டுகிறவன் கையில் எல்லாம் ஒரே கோப்பைதான். காலை ஒன்பது மணிக்கு அது கையில் இல்லாமல் நடக்கிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், அல்லது வேலை போனவனாக இருக்கவேண்டும்.

தியமாந்தோ அடிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சுற்றுவட்டாரத்தில் காபிக் கடை வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பக்கத்து ஊர்க்காரர்கள். மீதிப் பேருக்கு அவளிடம் பயம். கறுப்பு உடையோடு ஒவ்வொரு கடையாகப் போய் உட்கார்ந்தாள். லிகூர்கோஸ் பேரைச் சொன்னாள். வேறெதுவும் அதிகம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அர்கிரிஸ் எந்தக் கடைக்குப் போனாலும் காபி தீர்ந்துபோயிருந்தது. நிரம்பிக் கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தீந்துபோச்சு முதலாளி, நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்கும் தீர்ந்தது. அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கு மட்டும் அற்புதம் நிகழ்ந்து மறுபடியும் ஊறியது.

அந்தக் குளிர்காலம் தியமாந்தோவின் வாழ்க்கையிலேயே இனிமையானது. அர்கிரிஸ் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தான். பட்டறை முதலாளி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பிளாஸ்க்கோடு வருகிறான் என்ற செய்தி, தோல் வாங்க வருகிறவர்களின் காதுக்குப் போனது. அவன் நொடித்துவிட்டான் என்று ஒருவன் சொன்னான். இல்லை, ஈரல் கெட்டுவிட்டது என்று இன்னொருவன் சொன்னான். இரண்டும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் கல்லாவுக்குப் பின்னால் சாந்தமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அர்கிரிஸ் நின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். யாரோ வீசிய நீலக் கோப்பையை எடுத்து உதறி, பிளாஸ்க்கிலிருந்து அதில் ஊற்றிக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்தான். தியமாந்தோ கடையை ஒரு நிமிஷம் சமையல்காரனிடம் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் லிகூர்கோஸின் படத்துக்கு விளக்கேற்றினாள்.

ஆனால் பனி உருகத் தொடங்கியபோது கதை மாறியது. அர்கிரிஸின் கையில் பிளாஸ்க் இல்லை. புத்தம்புதுக் கோப்பை இருந்தது. பட்டறை ஜன்னலோரம் நின்று, ஆவி பறக்கப் பறக்க, தெருவைப் பார்த்தபடி குடித்தான்.

யாரோ ஊற்றுகிறார்கள்.

தியமாந்தோவின் பகை இரண்டாகப் பிரிந்தது. அர்கிரிஸாவது எதிரி. எதிரி எதிரியாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அவனுக்கு ஊற்றுகிறவன் துரோகி. அவள் மறுபடியும் கடை கடையாகப் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். முப்பதாம் தெருக் கடைக்கார அண்ணன் ஒருவர், இல்லாத பிள்ளையின் தலையிலும் சத்தியம் செய்தார். அவரை அவள் இரண்டு வருஷம் சந்தேகத்திலேயே வைத்திருந்தாள். காலையில் பாய்லரைத் தேய்க்கும்போது புதிதாக ஒரு ஒப்பாரி கட்டினாள். 'அவனுக்கு ஊத்துற கை எதுவோ, அது விறகாப் போகட்டும். அந்தக் கையால ஊட்டின சோறு மண்ணாப் போகட்டும்.' ராகம் நன்றாக இருந்ததால் முட்டை பொரிக்கிற சமையல்காரனும் அர்த்தம் தெரியாமல் கூடப் பாடினான்.

இதற்கிடையே அர்கிரிஸின் பட்டறையிலிருந்தே தினம் காலையில் ஒரு பெண் வந்து காபி வாங்கிப் போய்க்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சூல்மா என்று பேர். போர்ட்டோ ரீகோக்காரி, கோட்டுகளுக்கு உள்துணி தைக்கிறவள். முதல்நாள் அவள் வந்து நின்றபோது தியமாந்தோ தயங்கினாள். எதிரியின் ஆள். பிறகு மானியின் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஆண்கள் கல் கோபுரங்களுக்குள் அடைந்துகொண்டு மாதக்கணக்கில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். பெண்கள் மட்டும் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே தண்ணீரும் ரொட்டியும் சுமந்து சாவகாசமாகப் போய்வருவார்கள். ஒரு தோட்டாவும் அவர்கள் பக்கம் திரும்பாது. திரும்பினால் சுட்டவனுக்கு ஏழு தலைமுறைக்கு அவமானம். சூல்மா பெண். ஆகவே சூல்மா போய்வரலாம்.

இருந்தாலும் ஜாக்கிரதையாக, ஒவ்வொரு கோப்பையும் யாருக்கு என்று பேர் சொல்லவேண்டும் என்று நிபந்தனை போட்டாள். சூல்மாவும் சொன்னாள். கார்மெனுக்குப் பாலும் இரண்டு சர்க்கரையும். ஸ்பிரோஸுக்குப் பால் மட்டும். தனக்கு மூன்று சர்க்கரை. தோல் வெட்டுக்காரர் ஜூலியஸுக்குக் கறுப்பு, சர்க்கரை வேண்டாம். இப்படியே எல்லாருக்கும். முதலாளியின் பேர் வரவே இல்லை. தியமாந்தோ மூடிகளின்மேல் பென்சிலால் அடையாளம் போட்டு, பையில் அடுக்கிக் கொடுத்தாள்.

நாளடைவில் அவளுக்கு ஜூலியஸ் மேல் ஒரு பிரியம் ஏற்பட்டது. அவரைப் பார்த்ததில்லை. வயசான யூதர், முட்டிவலிக்காரர், மாடி இறங்கமாட்டார் என்று சூல்மா சொல்லியிருந்தாள். ஆனால் அவர் சொல்லியனுப்பும் வார்த்தைகள் வரும். ஒருநாள் சூல்மா பையை வாங்கிக்கொண்டே, அம்மா என்பதற்கு அவள் ஸ்பானிஷில் சொல்கிற 'தோன்யா'வோடு சொன்னாள்: "ஜூலியஸ் உங்ககிட்ட சொல்லச் சொன்னார், தோன்யா. இந்தத் தெருவுல காலைல எழுந்து வர்றதுக்கு ஒரே ஒரு காரணம் இந்தக் காபிதானாம்."

தியமாந்தோ நாப்கின் பெட்டியை இடம் மாற்றி வைத்தாள். பழைய இடத்துக்கே திரும்ப வைத்தாள். சாவுக் கூடத்தில் அந்தச் சிரிப்பு கிளம்பிய நாளிலிருந்து, ஒவ்வொரு கோப்பை ஊற்றும்போதும் அவளுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் கேட்கமுடியாது. நிஜமாகவே மோசமான காபியா? லிகூர்கோஸ் இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு விழுங்கினாரா? அந்தக் கேள்விக்கு முதன்முதலாகப் பதில் சொன்னவர் ஜூலியஸ். அன்றிலிருந்து அவருக்குப் பாய்லரின் அடிக்காபி போகாது. புதிதாக இறக்கியதில்தான் போகும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவர் பேருக்கு வெண்ணெய் பிஸ்கட் தனிப் பொட்டலமாகப் போனது. யூதர் ஈஸ்டர் பிஸ்கட் சாப்பிடுவாரா என்ற கேள்வியை அவள் தெய்வத்திடம் விட்டுவிட்டாள்.

துரோகி வேட்டை மட்டும் நிற்கவில்லை. கோப்பையெல்லாம் ஒரே மாதிரி இருந்ததுதான் தொல்லை. எந்தக் கடையில் ஊற்றியது என்று கோப்பை வாய் திறக்காது. கடைசியில் தியமாந்தோ ஒரு வழி கண்டாள். ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தாள். ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை என்று ஆளுக்கு ஒரு நிறம். ஒருவாரம் முழுக்கக் கோப்பையின் அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊற்றச் சொன்னாள். மானியை உள்ளடக்கிய லாகோனியா மாவட்டத்தார் சங்கம் அவ்வளவு ஒற்றுமையாக அதற்கு முன்னும் ஒரு காரியம் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் அர்கிரிஸ் குடித்துவிட்டு வீசிய கோப்பையைத் தியமாந்தோ தன் கையாலேயே நடைபாதையோரத்திலிருந்து எடுத்து, கடைக்குக் கொண்டுவந்து, விளக்குக்கடியில் கவிழ்த்துப் பார்த்தாள்.

அடி வெறுமையாக இருந்தது. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, ஒரு புள்ளியும் இல்லை.

அப்படியானால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரூக்லினிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டினாள். வட்டாரத்தில் கலர் பென்சில் வாங்காத கடை ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பகை தொடங்கி ஆறு வருஷம் ஓடிய பிறகு, ஒரு வசந்தகால மத்தியானம், கூட்டம் வடிந்த நேரத்தில், வெயிலில் பழுத்த நிறத்தில் ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து கவுண்டர் முன் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்தார். மகளைப் பார்க்க ஃப்ளோரிடாவிலிருந்து வந்திருக்கிறாராம். பழைய பட்டறையை எட்டிப் பார்க்கலாமென்று இந்தப் பக்கம் வந்தாராம். எதிரே ஐந்தாம் மாடியில் வெகுகாலம் வெட்டுக்காரராக இருந்தவராம். பேர் ஜூலியஸ் பெர்ல்மன்.

தியமாந்தோ அவர் முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்போடு, புதிதாக இறக்கிய காபியைக் கறுப்பாக, சர்க்கரையில்லாமல் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

கிழவர் அதை மரியாதையாகத் தள்ளிவைத்தார். "காபி வேண்டாம் தங்கம். எலுமிச்சம்பழம் போட்டு டீ குடு. வயித்துப் புண்ணு. டாக்டர் காபியை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு."

"இன்னைக்குக் காலைலகூட உங்களுக்குக் குடுத்தனுப்பினேனே."

"எனக்கா? நான் ஃப்ளோரிடாவுக்குப் போயே ஆறு வருஷம் ஆகுதும்மா."

தியமாந்தோ, அப்படியென்றால் ஐந்தாம் மாடிக்குத் தினம் போகிற கறுப்புக் காபி, சர்க்கரையில்லாதது, யாருக்கு என்று மெதுவாகக் கேட்டாள்.

"அங்க அப்படிக் குடிக்கிறவன் ஒரே ஒருத்தன்தான். முதலாளி. சர்க்கரை ஒரு மணி விழுந்துட்டாலும் மூஞ்சில விசிறுவான்." கிழவர் பழைய நினைப்பில் சந்தோஷமாகச் சிரித்தார். "உயிரோடதானே இருக்கான்?"

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது விறகாகப் போயிருக்கவில்லை. ஆறு வருஷம் அவள் கட்டிய சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, செழிப்பாக, காபிக் கறையோடு இருந்தது.

மறுநாள் காலையில் சூல்மா வந்தபோது தியமாந்தோ அவளைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு, ஜூலியஸ் வந்துபோனதைச் சொன்னாள். சூல்மா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பையை மடித்தபடி, நாங்கள் அத்தனை பேரும் அந்த ஆளோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே அறையில் கிடக்கவேண்டும், காபியில்லாத குளிர்காலத்தில் அவரை நீங்கள் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம் என்றாள். வேறு கடையில் வாங்கிவரட்டுமா என்று தானே ஒருதரம் கேட்டதாகவும் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"என்ன சொன்னான்?"

"அந்த மானிக்காரி கடைலேர்ந்துதான் வேணும், ஆனா அவளுக்குத் தெரிஞ்சா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னார்."

"எழுந்து வர ஒரே காரணம்னு ஜூலியஸ் சொன்னதா சொன்னியே."

"அதுவும் அவர்தான் சொன்னார், தோன்யா. நான் பேரை மட்டும் மாத்தினேன்."

தியமாந்தோவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இப்போது அவனை அழிக்கிற ஆயுதம் இருந்தது. அடுத்த ஞாயிறு அதே கூடத்தில், அதே பாதிரியார் முன்னால், ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் புருஷனைக் கொன்ற காபியை இவன் ஆறு வருஷமாகத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான். கஸ்தோரியாக்காரர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? கூடம் சிரிக்கும். இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரிக்கும். அவள் அந்தச் சிரிப்பைக் காதால் கேட்டேவிட்டாள். அப்புறம் சிரிப்பு ஓய்கிற இடத்தில், யாராவது ஒரு வாயாடி கேட்கப்போகும் கேள்வியும் கேட்டது. யார் கையால ஊத்தினது, தியமாந்தோ?

உப்பு டப்பாவைப் பார்த்தாள். ஒரு கரண்டி போதும். ஆனால் உப்புப் போட்டால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோகும். முதலில் வாய் திறக்கப்போவது அவன்தான். அவனுடைய ரகசியம் கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும்.

வரிசை நீண்டுகொண்டே போனது. பின்னால் ஒரு போலீஸ்காரன் தொண்டையைக் கனைத்தான். தோல் சுமந்து வந்தவன் ஒருவன், இன்னைக்குள்ள கிடைக்குமா என்று கேட்டான்.

"இனிமே ஜூலியஸுக்கு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று சூல்மா கேட்டாள்.

தியமாந்தோ எதிரே ஐந்தாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அர்கிரிஸ் நின்றிருந்தான். வெறுங்கையோடு, கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். பையை எதிர்பார்க்கிறான். தினமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் நின்றிருக்கிறான், அவள்தான் பார்த்ததில்லை. அவன் நிற்பதை அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேண்டுமென்றே பார்த்தாள். போலீஸ்காரன் மறுபடி கனைத்தான்.

பிறகு கார்மெனுடையது, ஸ்பிரோஸுடையது, மற்றவர்களுடையது எல்லாவற்றையும் வரிசையாக ஊற்றி மூடினாள். கடைசியாக ஒரு நீலக் கோப்பையை எடுத்தாள். பழைய பாய்லரின் குழாய்க்கடியில் கொண்டுபோனவள் நிறுத்தி, பக்கத்துப் பாய்லரில் புதிது இறங்கி முடிகிறவரை நின்றாள். ஊற்றினாள். மூடியைக் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி அழுத்தினாள். பென்சிலை எடுத்து மூடியின்மேல் ஜூலியஸின் அடையாளத்தைப் போட்டாள்.

"ஜூலியஸோடது ஓரத்துல இருக்கு," என்றாள். "சாயாம கொண்டுபோ."